குளிர்காய்ச்சலும் குருதிக் கொழுப்பும்

கொழுப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மாரடைப்பு. மலேரியா என்றவுடன் நினைவுக்கு வருவன கொசு, உடல் நடுக்கம், கசப்பு மாத்திரை ஆகியவை. இவ்விரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று கூறினால் பலர் வியப்படையக்கூடும். ஆயினும், மலேரியாவால் பீடிக்கப்பட்ட ஒருவரின் குருதியைச் சோதித்தால் அதிலுள்ள கொழுப்பின் அளவுகள் பெரிதும் நிலைகுலைந்திருப்பதைக் காணலாம். அந்நிலைகுலைவு எவ்வாறு நேர்கிறது, மருத்துவம் தொடங்கியபின் என்ன ஆகிறது, நோயாளியும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு இடமுண்டோ என வினவுவோர் இருக்கலாம். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், கவிதைகளும் புதினங்களும் எழுதிய இலக்கியவாணர். அவர் நுண்ணோக்கியையும் எழுதுகோலையும் பகையாகக் கருதியவர் அல்லர்.

முறை வைத்து வரும் காய்ச்சலைப் பண்டைய மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தம் மருத்துவப் பெருநூலான 'அல்கானூன்' என்பதன் நான்காம் பகுதியில் காய்ச்சல்களை வகைப்படுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதையும் இருநாள் இடைவிட்டு வருவதையும் வேறுபிரித்து விளக்குகிறார். அம்முறை ஏன் தவறுவதில்லை என்பதற்குரிய விடை, 1880-ஆம் ஆண்டு அல்சீரியாவில் லவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டபின்னரே கிடைக்கத் தொடங்கியது. பிளாஸ்மோடியம் எனப்படும் அவ்வொட்டுண்ணி சிவப்பணுவினுள் புகுந்து, வளர்ந்து, பல்கி, அணுவை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. பால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய வகைகளுக்கு இதற்கு ஏறத்தாழ 48 மணி நேரமும், மலேரியே என்னும் வகைக்கு 72 மணி நேரமும் ஆகின்றன. அணுக்கள் கூட்டமாக உடையும் வேளையே குளிரும் நடுக்கமும் தோன்றும் வேளையாகும்.

குருதியிலுள்ள கொழுப்பைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். கொழுப்பு நீரில் கரையாது. குருதியோ பெரும்பாலும் நீர். ஆகவே நம் உடல், கொழுப்பைப் புரத உறையிட்ட சிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. இவற்றைக் கொழுப்புப் புரதங்கள் என்பர். கல்லீரலிலிருந்து திசுக்களுக்குக் கொலஸ்டிராலைக் கொண்டுசெல்லும் பொதி எல்.டி.எல்.; திசுக்களில் எஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுவருவது எச்.டி.எல். மக்கள் முன்னதைக் 'கெட்ட கொழுப்பு' என்றும் பின்னதை 'நல்ல கொழுப்பு' என்றும் வழங்குகின்றனர். இப்பெயர்கள் எளியவை, ஆனால் மலேரியாவைப் பொறுத்தவரை நம்மை வழிதவறச் செய்பவை. மூன்றாவதாக டிரைகிளிசரைடு என்னும் எரிபொருட் கொழுப்பும் உண்டு. மருத்துவமனை அறிக்கையில் நாம் காணும் எண்கள் பெரும்பாலும் இவற்றைக் குறிப்பனவே.

ஒட்டுண்ணியின் பசி

ஓர் ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவினுள் பதினாறு முதல் முப்பத்திரண்டு வரையான குஞ்சுகளாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே மேலுறை வேண்டும். உள்ளுறுப்புகளுக்கும் உறை வேண்டும். உறைகள் எல்லாம் கொழுப்பினால் ஆனவை. இரண்டே நாளில் இவ்வளவு உறைகளுக்கும் பொருள் எங்கிருந்து கிடைக்கும்? சிவப்பணுவோ உட்கரு இல்லாதது; புதிதாகக் கொழுப்பை உண்டாக்கும் ஆற்றலும் அற்றது. ஒட்டுண்ணியாலும் கொலஸ்டிராலைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. எனவே அது, தான் குடிபுகுந்த வீட்டின் சுவரையும், அவ்வீட்டைச் சூழ்ந்து ஓடும் குருதிநீரையும் சுரண்டியே வாழ்கிறது. குருதிநீரிலிருந்து கொழுப்பமிலங்களையும், பாஸ்போலிப்பிடு என்னும் உறைக்கொழுப்பிற்கு வேண்டிய மூலப்பொருள்களையும் ஈர்த்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒட்டுண்ணியை வளர்த்தவர்கள், எச்.டி.எல். பொதிகள் அதற்கு நல்ல கொழுப்பு ஊற்றாக அமைவதைக் கண்டனர். தொற்றிய சிவப்பணுவின் பாஸ்போலிப்பிடு அளவு, தொற்றாத அணுவில் உள்ளதைப்போல் பல மடங்காகப் பெருகுகிறது.

'நல்ல கொழுப்பு' என்னும் பெயர் பொருந்தாமற் போவதை இங்கே காணலாம். ஆப்பிரிக்காவில் கால்நடைகளைத் தாக்கும் டிரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணி மனிதக் குருதியில் புகுந்தால், எச்.டி.எல். பொதிகளுள் ஒருவகை அதனைக் கொன்றுவிடுகிறது. அதே எச்.டி.எல். மலேரியா ஒட்டுண்ணிக்கு உணவாகிறது. ஒருவனுக்கு வாளாகும் பொருள் மற்றொருவனுக்குச் சோறாகிறது.

2017-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வுறவின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. குருதிநீரில் லைசோபாஸ்பாடிடைல்கோலின் என்னும் கொழுப்பு குறைந்தால், பால்சிபாரம் ஒட்டுண்ணி தன் வாழ்வுப் போக்கையே மாற்றிக்கொள்கிறது என்பது அவ்வாய்வின் முடிபு. பல்கிப் பெருகுவதைக் குறைத்து, கொசுவுக்குள் செல்லத்தக்க ஆண், பெண் வடிவங்களாக மாறத் தொடங்குகிறது. வீட்டில் உணவு தீரும் நிலையில் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டும் குடித்தனக்காரனை இது நினைவூட்டுகிறது. ஒரு கொழுப்பின் அளவு, நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதையும் பாதிக்கக்கூடும் என்பது சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

முயல் காட்டிய வழி

ஒட்டுண்ணி உண்பதால் மட்டுமே கொழுப்பு குறைகிறது என்றால், எல்லாக் கொழுப்பும் குறைந்திருக்க வேண்டும். உண்மை அவ்வாறில்லை. கொலஸ்டிரால், எல்.டி.எல்., எச்.டி.எல். மூன்றும் குறையும்போது டிரைகிளிசரைடு மட்டும் உயர்கிறது. இப்புதிருக்குரிய திறவுகோல் வேறொரு நோயின் ஆய்விலிருந்து கிடைத்தது.

நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமி என்பார், டிரிப்பனோசோமா தொற்றிய முயல்களை ஆராய்ந்துவந்தார். முயல்கள் எலும்பும் தோலுமாக மெலிந்தன. ஆனால் அவற்றின் குருதிநீர் கொழுப்பினால் பால்போல் வெளுத்திருந்தது. உடல் பட்டினியால் வாட, குருதியில் உணவு தேங்கி நிற்பது ஏன்? நுண்குழாய்களின் சுவரில் இருந்துகொண்டு, டிரைகிளிசரைடைப் பிரித்துத் திசுக்களுக்கு ஊட்டும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதி வேலைசெய்யாமல் நின்றுவிட்டதே காரணம் என அவரும் உடன் ஆய்ந்தவரும் 1980-இல் காட்டினர். நொதியை நிறுத்துவது ஒட்டுண்ணி அன்று. தொற்றை எதிர்க்க உடலே சுரக்கும் ஒரு பொருள். மெலிவைத் தருவதால் அதற்குக் கேக்கெக்டின் எனப் பெயரிட்டனர். புற்றுக்கட்டியை அழிக்கும் பொருள் என முன்னரே அறியப்பட்டிருந்த டி.என்.எஃப். என்பதும் இதுவும் ஒன்றே என்பது 1985-இல் தெளிவாயிற்று.

மலேரியாக் காய்ச்சலிலும் இப்பொருள் குருதியில் மிகுகிறது. சிவப்பணுக்கள் உடையும்போது வெளிப்படும் கழிவுகள் நம் வெள்ளணுக்களைத் தூண்ட, அவை டி.என்.எஃப். முதலியவற்றைச் சுரக்கின்றன. அதனால் டிரைகிளிசரைடு திசுக்களுக்குள் செல்லாமல் தேங்குகிறது. கல்லீரலும் தன் பங்குக்கு அதனை மிகுதியாகப் பொதிந்து அனுப்புகிறது. அழற்சிக் காலத்தில் கல்லீரல் ஆக்கும் அமிலாய்டு ஏ என்னும் புரதம், எச்.டி.எல். பொதியிலுள்ள இயல்பான புரதத்தை வெளியேற்றி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய பொதி குருதியில் நெடுநேரம் நிலைப்பதில்லை. கல்லீரல் தளர்வதும், உடைந்த சிவப்பணுக்களுக்கு ஈடாகப் புதிய அணுக்களைப் படைக்கக் கொலஸ்டிரால் செலவாவதும் வீழ்ச்சியை மேலும் கூட்டுகின்றன.

ஆகவே ஒட்டுண்ணி கொள்ளையடிப்பது ஒருபுறம். கொள்ளையனை விரட்ட முற்படும் உடல் தன் பண்டசாலையைத் தானே அடைத்துக்கொள்வது மறுபுறம். இவ்விரண்டில் எதன் பங்கு மிகுதி என்பதே ஆய்வாளர்களிடையே வழக்காக இருந்துவருகிறது. இதனைத் தீர்க்க ஒரே வழி, மலேரியா நோயாளியை நலமுடையவரோடு மட்டுமன்றி, வேறு காய்ச்சலால் வருந்துவோரோடும் ஒப்பிடுவதாகும். இத்துறையில் வந்த சிறு ஆய்வுகள் பலவும் முதல் ஒப்பீட்டோடு நின்றுவிட்டன. அது பெருங்குறை என்பதே என் கருத்து. எந்தக் கடுங்காய்ச்சலிலும் கொலஸ்டிரால் ஓரளவு குறையத்தான் செய்யும். 2013-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று இரு ஒப்பீடுகளையும் செய்தது. மொத்தக் கொலஸ்டிரால், எல்.டி.எல்., எச்.டி.எல். மூன்றும் நலமுடையோரிடம் உள்ளதைவிட மட்டுமன்றி, பிற காய்ச்சல் உடையோரிடம் உள்ளதைவிடவும் மலேரியாவில் குறைந்திருந்தன. டிரைகிளிசரைடோ நலமுடையோரைவிட மிகுந்திருந்தது. பிற காய்ச்சல்காரரோடு ஒப்பிடுங்கால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டிரைகிளிசரைடின் ஏற்றம் காய்ச்சலுக்குப் பொதுவானது. கொலஸ்டிராலின் ஆழ்ந்த வீழ்ச்சியில் மலேரியாவின் தனிக் கைவரிசையும் உண்டு என இதிலிருந்து கொள்ளலாம். எனினும், கொழுப்பின் அளவைக் கொண்டு மலேரியாவைக் கண்டறிய முற்படுவது வீண் வேலை. அதற்குக் குருதிப் பூச்சும் நுண்ணோக்கியும், அல்லது விரைவுச் சோதனைப் பட்டையுமே உரிய கருவிகள்.

அறிக்கை கூறுவதும் கூறாததும்

இச்செய்திகளால் நடைமுறையில் விளையும் பயன் யாது? காய்ச்சலோடு மருத்துவமனை சென்ற ஒருவருக்கு முழுச் சோதனை என்னும் பெயரில் கொழுப்புச் சோதனையும் செய்யப்படுகிறது எனக் கொள்வோம். மொத்தக் கொலஸ்டிரால் 110, எச்.டி.எல். 15, டிரைகிளிசரைடு 275 மில்லிகிராம் என அறிக்கை வருகிறது. (இவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.) மாரடைப்புக்கு அஞ்சி நெடுநாளாக மாத்திரை உண்டுவரும் பெரியவர் ஒருவர் 110 என்பதைக் கண்டு, "கொழுப்பு இறங்கிவிட்டது" என மகிழ்ந்து மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். மற்றொருவரோ, 15 என்பதையும் 275 என்பதையும் கண்டு, நாளையே மாரடைப்பு வரும் என நடுங்கக்கூடும். இருவர் கொண்ட கருத்தும் பிழையே. நோய்க்கு முன் அவருக்கிருந்த அளவு என்ன, நோய் நீங்கியபின் இருக்கப்போகும் அளவு என்ன என்பவற்றுள் எதனையும் அவ்வறிக்கை கூறவில்லை.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. பல சோதனைக்கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. 1972-இல் ஃபிரீடுவால்டு முதலியோர் வகுத்த வாய்பாட்டின்படி, மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். அளவையும், டிரைகிளிசரைடின் ஐந்திலொரு பங்கையும் கழித்துக் கணக்கிடப்படுகிறது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 110-இலிருந்து 15-ஐயும் 55-ஐயும் கழிக்க 40 வரும். டிரைகிளிசரைடு 400-ஐக் கடந்தால் இவ்வாய்பாடு செல்லாது. அதற்குக் கீழும் அது மிகுந்திருக்கையில் விடையின் உறுதி குறைகிறது. மலேரியாவில் உயர்வது டிரைகிளிசரைடே அன்றோ? எனவே காய்ச்சற் காலத்தில் கணக்கிட்ட எல்.டி.எல். எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வரலாகாது.

மருத்துவம் தொடங்கி ஒட்டுண்ணிகள் அழியத் தொடங்கியதும் அளவுகள் திரும்புகின்றன; ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் அல்ல. கொலஸ்டிராலும் எச்.டி.எல். அளவும் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். காய்ச்சல் நின்ற மறுநாளே உடல் தேறிவிட்டதாக நாம் கருதினாலும், குருதி அவ்வாறு கருதுவதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துக் கொழுப்புச் சோதனை செய்துகொள்வதே பயன் தரும். அதுவரை, முன்பே உண்டுவரும் கொழுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதோ புதிதாகத் தொடங்குவதோ கூடாது. மலேரியா மருந்தோடு அதனைச் சேர்த்து உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளாலேயே மலேரியாவை ஒடுக்கலாமா என்று சிலர் ஆராய்ந்ததுண்டு. அம்மாத்திரை தாக்கும் நொதி ஒட்டுண்ணியிடம் இல்லை. எலிகளில் நடந்த சோதனைகளும் ஒன்றுக்கொன்று முரணான விடைகளையே தந்தன.

மருந்தும் கொழுப்பும்

மலேரியா மருந்தின் வரலாறு நம் மலைகளோடும் தொடர்புடையது. சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பெல்லெத்தியே, காவந்தூ என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார் 1820-இல் பிரித்தெடுத்தனர். 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. குயினைனை ஒட்டிப் பின்னர் வந்த குளோரோகுயின், ஒட்டுண்ணியைக் கொல்லும் முறையிலும் கொழுப்பிற்கு ஓரிடம் உண்டு. ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்றபின் எஞ்சும் ஹீம் என்னும் நச்சுப்பொருளைப் படிகமாக்கி அடக்கிவைக்கிறது. அப்படிகம் உருவாவதற்குக் கொழுப்புத் துளிகள் துணைசெய்கின்றன. குளோரோகுயின் படிகமாதலைத் தடுக்க, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே மடிகிறது. மூட்டுவாத நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உண்ணும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், அவர்களுடைய கொலஸ்டிராலை ஓரளவு குறைப்பதும் அறியப்பட்டுள்ளது. எனினும் மலேரியாவிற்கென மூன்று நாட்களே உண்ணும் குளோரோகுயினிடம் இதனை எதிர்பார்க்க முடியாது. அக்காலத்தில் காணும் கொழுப்பு மாற்றங்கள் பெரிதும் நோயினுடையவை, மருந்தினுடையவை அல்ல.

மருந்து கொழுப்பை மாற்றுவது சிறிது; கொழுப்பு மருந்தை மாற்றுவதோ பெரிது. இதுவே இக்கட்டுரையில் நான் அழுத்திக் கூற விரும்பும் செய்தியாகும்.

சீனத்து மூலிகையிலிருந்து 1972-இல் தூ யூயூ குழுவினர் பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினின், பால்சிபாரம் மருத்துவத்தையே மாற்றியமைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் வழிவந்த ஆர்ட்டிமீத்தருடன் லுமிபான்ட்ரின் என்னும் மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரையே ஆப்பிரிக்க நாடுகளில் பெரிதும் வழங்கப்படுகிறது. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 2013-இல் அது விதிக்கப்பட்டது. லுமிபான்ட்ரின் கொழுப்பில் மட்டுமே நன்கு கரைவது. வெறும் வயிற்றில் உண்டால் பெரும்பகுதி உடலில் சேராமலே கழிந்துவிடும். கொழுப்பு மிகுந்த உணவோடு உண்டபோது, வெறும் வயிற்றில் உண்டதைவிடப் பதினாறு மடங்கு மருந்து குருதியில் சேர்ந்ததை அளந்து கண்டுள்ளனர். இதற்கு விருந்தும் வேண்டுவதில்லை. 36 மில்லிலிட்டர் சோயாப்பால், அதாவது 1.2 கிராம் கொழுப்பு, இருந்தாலே உறிஞ்சப்படக்கூடிய அளவில் பத்தில் ஒன்பது பங்கு உறிஞ்சப்படும் என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு குவளைப் பசும்பாலில் இதனினும் மிகுதியான கொழுப்பு உண்டு.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் குறுக்கே நிற்கிறது. காய்ச்சலுக்குப் பட்டினியே மருந்து என்பது நம் முன்னோர் கூற்று. வாய் கசந்த நோயாளிக்குத் தெளிந்த கஞ்சிநீரும், கொழுப்பு நீக்கிய ரசமும் கொடுப்பதே நற்செயல் என்று அன்னையர் எண்ணுகின்றனர். எண்ணெய், பால், தேங்காய், இறைச்சி எல்லாம் விலக்கப்படுகின்றன. சளிக்காய்ச்சலில் இதனால் கேடில்லை. ஆனால் லுமிபான்ட்ரின் உண்பவர் கஞ்சிநீரோடு மாத்திரையை விழுங்கினால், மாத்திரை சரியானது, வேளை சரியானது, அளவும் சரியானது. இருந்தும் குருதியில் மருந்து போதாது. காய்ச்சல் சில நாள் அடங்கி, எஞ்சிய ஒட்டுண்ணிகளால் மீண்டும் எழும். "மருந்து பலிக்கவில்லை" என்பர். வணிகத்தின் பொருட்டும் பணியின் பொருட்டும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றுவரும் நம்மவர்க்கு இச்செய்தி உயிர்நாடி போன்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் மலேரியாவால் மாண்டோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 97 ஆயிரம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அக்கண்டத்தினர்.

நோன்பு மாதத்தில் இந்நோய் கண்டால் செய்ய வேண்டுவது பற்றியும் வினா எழும். கூட்டு மாத்திரையின் ஆறு வேளைகளுள் முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் வேளை. பின் இரு நாட்களும் காலையும் மாலையும். ஒவ்வொரு வேளையும் கொழுப்புள்ள உணவோடு உண்ண வேண்டும். உண்ட ஒரு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் அவ்வேளை மருந்தைத் திரும்ப உண்ண வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டுப் பின்னர் வேறு நாட்களில் ஈடுசெய்யத் திருக்குர்ஆன் வெளிப்படையாகவே இடமளித்திருக்கிறது. காய்ச்சலோடு நோன்பிருப்பதைப் பக்தியின் மிகுதி எனக் கருதும் பெரியவர்கள் இச்சலுகையை நினைவிற்கொள்வார்களாக. காய்ச்சலின் கொடுமையோடு நாள் முழுதும் நீரருந்தாதிருப்பது மருந்தின் பயனை மட்டுமன்றிச் சிறுநீரகத்தையும் வருத்தும்.

தமிழகத்தில் நெடுங்காலமாக மிகுதியும் பரவியது வைவாக்ஸ் வகையே. மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் ஸ்டீபன்சி என்னும் கொசுவினால் சென்னை மாநகரே பல ஆண்டுகள் அதன் இருப்பிடமாயிருந்தது. அதற்குக் குளோரோகுயின் மூன்று நாட்களும், கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணிகளை அழிக்கப் பிரைமாகுயின் பதினான்கு நாட்களும் தரப்படுகின்றன. இவற்றிற்குக் கொழுப்பு இன்றியமையாததன்று. ஆயினும் வயிற்றுக் குமட்டலைத் தவிர்க்க உணவுக்குப் பின்னரே உண்ண வேண்டும். காய்ச்சல் நின்று, உடல் தேறி, மருத்துவரும் இசைந்தபின் எஞ்சிய நாட்களில் நோன்பிருக்க விரும்புவோர், நாளொன்றுக்கு ஒருவேளையாகிய பிரைமாகுயினை நோன்பு திறந்து உணவு உண்டபின் உட்கொள்ளலாம். அதனைத் தொடங்குமுன் ஜி-6-பி.டி. என்னும் நொதிக் குறைபாடு உண்டா எனச் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. அக்குறைபாடு உடையவரின் சிவப்பணுக்களை இம்மருந்தே உடைத்துவிடும்.